ஒரு கை இடைவெளி

சங்கராபுரத்தில் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவருக்கும் தனக்கும் நடுவில் ஒரு கை நீளத்துக்கு இடம் விட்டு நின்ற ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் அப்படி இடம் விட்டால் நீங்கள் வரிசையிலேயே இல்லை, காற்று வாங்க வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே அந்த இடத்தில் ஒருவர் வந்து நின்றுகொள்வார். அந்த அம்மா முகம் சுளிக்காமல் பின்னால் நகர்ந்து, புதிதாக வந்தவருக்கும் அதே ஒரு கை இடத்தை விடுவார். அதிலும் ஒருவர் வந்து நிற்பார். பேங்கில் ஒரு நாள் காலையில் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தவரை, மத்தியானம் நான் திரும்பி வந்தபோது வாசல்படியில் பார்த்தேன்.

"ஏங்க, கிட்டப் போய் நில்லுங்க. இப்படியே போனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்டுவீங்க" என்றேன்.

"கிட்டப் போனா வரிசை கெட்டுப் போவும் அக்கா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கையிலிருந்த பாஸ் புத்தகத்தைப் பிடுங்கி நானே கவுண்டருக்குப் போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தேன். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். நானும் கத்தினேன். அவர் மட்டும் வாசல்படியில் தன் இடத்தை விட்டு அசையவில்லை.

அவரை எனக்கு ஏற்கெனவே தெரியும். கள்ளக்குறிச்சி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான் மேனேஜர். ஓனர் ஆயுத பூஜைக்கு மட்டும் வந்து போவார். மற்றபடி அண்டா குண்டான் காணாமல் போவது, ஜெனரேட்டர் நின்று போவது, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோபம் வருவது எல்லாம் என் பொறுப்பு. ஒரு நாள் காலையில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. தலைமுடியை உச்சியில் இழுத்துக் கட்டிய கொண்டை. முதுகு அப்படி ஒரு நேர், நாற்காலி போட்டால் அதில் சாயவே இல்லை. பாதங்கள் இரண்டும் ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மண்டபம் வேணும்" என்றார்.

"என்ன விசேஷம்? நிச்சயமா, காதுகுத்தா?"

"விசேஷம் இல்ல. மேல சாப்பாட்டு ஹாலுல, கை கழுவுற எடத்துல ஒரு கம்பி இருக்குதுல்ல? அது வேணும்."

"கம்பியெல்லாம் கழட்டித் தர முடியாதுங்க."

"கழட்ட வேணாம். புடிச்சிக்கினு நிக்கணும்."

இந்தத் தொழிலில் நான் பார்க்காத ஆள் இல்லை. தாலி மறந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மாப்பிள்ளையையே மறந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க மண்டபம் கேட்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். முந்தின வாரம், தான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாவோடு ஒரு கல்யாணத்துக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது பார்த்து வைத்தாராம். கூட்டத்தில் பிள்ளைகள் தொட்டிக்குள் விழாமல் இருக்க ஓனர் இடுப்பு உயரத்துக்கு ஓர் எவர்சில்வர் கம்பி போட்டிருந்தார். தொட்டிக்கு மேலே சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. கம்பியும் கண்ணாடியும் ஒரே இடத்தில் சேர்ந்து இருப்பது இந்தத் தாலுகாவிலேயே இங்கே மட்டும்தான் என்றார். தேடியிருக்கிறார் போலிருக்கிறது.

முகூர்த்தம் இல்லாத நாளில் வந்துகொள்ளச் சொன்னேன். வந்தார். அக்னி நட்சத்திர வெயிலில், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கம்பளியில் பின்னிய உறை ஒன்றை மாட்டிக்கொண்டு, கம்பியில் ஒரு கையை வைத்து, ஒரு காலை முன்னால் நீட்டி, பக்கவாட்டில் நீட்டி, பின்னால் நீட்டி, திரும்பி நின்று அடுத்த காலுக்கும் அதையே செய்தார். மறுநாளும் அதையே செய்தார். நடனம் எப்போது ஆரம்பிக்கும் என்று எங்கள் சமையல் மாஸ்டர் ஒரு வாரம் மாடிப்படியில் காத்திருந்தார். பிறகு அவர் கீழே போய்விட்டார்.

பிரான்சில் பாலே நடனம் ஆடியவர். அதுதான் உத்தியோகம், மாதச் சம்பளம். நாற்பது வயதுக்கு மேல் ரிட்டயர்மெண்ட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பா பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அம்மா எங்கள் பக்கம்தான், ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அந்தப் பட்டாளத்துக்காரரோடு சொல்லாமல் போய்விட்டதால், வீட்டில் அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். அம்மா பிரான்சில் ஒரு நாடக அரங்கத்தின் அடித்தளத்தில் நடனக்காரிகளின் உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டிருக்கிறார். எட்டு வயது மகள் அங்கே உட்கார்ந்திருந்து, மாடிக்குப் போய், கம்பியைப் பிடித்து நின்று, அப்படியே நின்றுவிட்டார்.

தமிழை அந்த இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் அம்மாவிடம் கற்றதுதான். அதனால் அவர் பேச்சு எங்களைவிடப் பழசு. நாங்கள் டிவி பார்த்து 'என்ன' என்று மாறிக்கொண்டிருக்கும்போது அவர் 'இன்னா' என்பார், 'வூடு' என்பார். பிரான்சிலிருந்து வந்தவர் இப்படிப் பேசுவது எங்கள் ஊர் டீச்சர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது.

அம்மா செத்த பிறகு வந்திருக்கிறார். வந்த முதல் வாரமே அந்தக் கிராமத்துக்குப் போனார். தாய்மாமன் இல்லை. மாமன் மகன் இருந்தார். மரியாதையான மனிதர். தெருவே கூடிவிட்டது. திரும்பி வந்து என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"பிளாஸ்டிக் சேர் போட்டாங்க. கடைக்கு ஆளு அனுப்பி கலர் சோடா வாங்கியாந்து குடுத்தாங்க."

"நல்லாத்தானே கவனிச்சிருக்காங்க?"

"எங்கம்மா சொல்லியிருக்குது அக்கா. நம்ம வூட்டு ஆளுன்னா உள்ள போய்த் தண்ணி மொண்டு குடின்னு சொல்லுவாங்களாம். கலர் வாங்கித் தர மாட்டாங்களாம்."

அது உண்மைதான். வீட்டுப் பெண் வந்தால் நாங்கள் எழுந்துகூட நிற்க மாட்டோம். அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள் என்போம். கலர் என்பது தபால்காரருக்கும் சம்பந்தி வீட்டுக்கும். மாமன் மகன் அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் 'மேடம்' என்றிருக்கிறார். நாலைந்து தடவை போனார். நாலைந்து தடவையும் சேர், கலர், மேடம். அவருக்கு வேண்டியது அந்த வீட்டுக்குள் ஒரு செம்புத் தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு வாங்க முடியாது என்பதுதான் அதில் உள்ள கஷ்டம்.

எங்கள் ஊரில் அவரைப் பார்க்கிற எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ஹீரோயினா?" என்பது.

"இல்ல. பின்னால வரிசைல" என்பார்.

கேட்டவர் முகம் தொங்கிவிடும். சினிமாவில் பின்னால் ஆடுகிறவர்களை நாம் எந்த லட்சணத்தில் மதிக்கிறோம் என்பது தெரிந்ததுதானே. ஆனால் அவர் அதைத் தாசில்தார் வேலை மாதிரி சொல்வார். மேடை முழுக்க ஒரே உடுப்பில் பெண்கள், ஒரே நேரத்தில் ஒரே கை, ஒரே கால், நடுவில் ஒரே அளவு இடம். கிட்டப் போகக் கூடாது. தொடக் கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. பக்கத்தில் நிற்பவளைக் கடைக்கண்ணால் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அப்ப உங்கள யாருக்கும் தெரியாதா?"

"தெரியக் கூடாது அக்கா. ஒருத்தர் என்னப் பாத்துட்டாருன்னா நான் தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம்."

"எத்தினி தடவ பாத்தாங்க?"

"ஒரு தடவ பூ கழண்டு வுழுந்துச்சி" என்றார். இன்னும் வருத்தம் தீரவில்லை என்பது தெரிந்தது.

தனியாக ஆடியதே இல்லையா என்று கேட்டேன். முன்னால் ஆடுகிற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, ஒரு நாள் இவரை விட்டார்களாம். கைதட்டினார்களாம்.

"எப்படி இருந்துச்சி?"

"பக்கத்துல யாரும் இல்ல" என்றார். அந்தக் கதை அதோடு முடிந்தது.

இடது பக்கத்தில் நின்ற பெண்ணைப் பற்றி நிறையச் சொல்வார். பெயர் மரீ. பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். அவளுடைய தோளும் முழங்கையும் மூச்சு விடுகிற சத்தமும் இவருக்கு அத்துப்படி. முகம் அவ்வளவாகத் தெரியாது. ஆடும்போது திரும்பக் கூடாது, ஆட்டம் முடிந்தால் வீட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டும்.

இந்தியாவில் நடக்கிற மாதிரி ஒரு கதையும் அங்கே போடுவார்களாம். அதில் இந்தியர்களாக வருகிற வெள்ளைக்காரிகளுக்கு மாநிறத்தில் பூசுவார்கள். இவர் அதே கதையில் பின்வரிசை ஆவி. ஆவி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதால், இவருக்குக் கழுத்து, கை, முதுகு எல்லாம் வெள்ளைப் பவுடர் பூசுவார்கள்.

"எதுத்தாப்ல எதுத்தாப்ல உக்காந்து பூசிக்குவோம்" என்றார். "அவங்க என்னப் பாப்பாங்க. நான் அவங்களப் பாப்பேன். யாரும் ஒன்னும் சொல்ல மாட்டோம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

கடைசி நாள் ஆட்டத்துக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்டதற்கு, "மறுநாளு என் எடத்துல வேற பொண்ணு நின்னா. யாருக்கும் வித்தியாசம் தெரியல" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

அவருடைய கால் விரல்களைப் பார்த்தால் யாருக்கும் பகீரென்று இருக்கும். முடிச்சு முடிச்சாக, நகம் கறுத்து. சமையல் மாஸ்டர் ஒரே பார்வையில் சர்க்கரை வியாதி என்று முடிவு செய்துவிட்டார். ஊரே அதை எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரம்மா வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தார். பேங்க் வாசலில் இருக்கிற பூக்காரி, "அரிசிச் சோறு கம்மி பண்ணும்மா" என்றாள். அவர் யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. வெந்தயத்தைக் குடித்தார், சோற்றைக் குறைத்தார். எல்லோரும் ஒன்றாகச் சொல்லும்போது தான் மட்டும் மாற்றிச் சொல்வது அவருக்கு வராது.

எங்கள் மண்டபத்தில் பாத்திரம் துலக்க மலைமேலிருந்து பெண்கள் வருவார்கள். அவர்களில் ஒருத்தி, காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தருகிறேன், வெள்ளிமலைக்கு வந்து வாங்கிக்கொள் என்றாள். எனக்கும் அடுத்த முகூர்த்தத்துக்கு ஆள் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேரும் கல்வராயன்மலை பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடமில்லை. அவர் நடைவழியில் தன்னைச் சுற்றி ஒரு கை இடம் விட்டு, எதையும் பிடிக்காமல் நின்றார்.

கோமுகி அணை தாண்டி மலை வளைவு ஆரம்பித்ததும் கண்டக்டர், "ஏம்மா, கம்பியப் புடிச்சிக்க. வளைவு வருது" என்றார்.

"காலைல ஒரு மணி நேரம் புடிச்சாச்சிங்க" என்றார் இவர்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வளைவு வந்தது. பலாப்பழ மூட்டை நகர்ந்தது, ஒரு ஆட்டுக்குட்டி உருண்டது, நான் ஒரு பெரியவர் மடியில் விழுந்தேன். அவர் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கு வியப்பெல்லாம் இல்லை, எரிச்சல்தான். அந்தப் பெரியவர் ஊர் வரும் வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

இப்படி இருக்கும்போது, தை மாதத்துக்கு அந்த மாமன் மகனே மண்டபம் பதிவு செய்ய வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம். நான் இவரிடம் சொன்னேன். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் பார்த்து அவர் பாதியில் கையை எடுத்தது அன்றைக்குத்தான்.

"தட்டு வரிசை உண்டா அக்கா?"

உண்டு என்றேன். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், பெண் வீட்டுப் பெண்கள் தெருமுனைப் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு மேளத்தோடு தட்டு எடுத்து வருவார்கள். பழம், பூ, மஞ்சள், கற்கண்டு, புடவை என்று ஆளுக்கு ஒரு தட்டு. எல்லோரும் சொந்தக்காரப் பெண்கள். இப்போதெல்லாம் ஒரே நிறத்தில் புடவை எடுத்துவிடுகிறார்கள். அவருடைய அம்மா இதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். கடைசியாக அவர் ஊரில் இருந்தபோது எடுத்தது ஒரு தட்டு வரிசைதான். இஸ்திரி போடும்போது, மேலே மேடையில் வரிசையாக ஆடுகிறவர்களைச் சொல்லி, "நம்ம ஊர்லயும் இப்படித்தான் போவோம், கையில தட்டு இருக்கும்" என்பாராம்.

மாமன் மகன் பத்திரிகை கொடுக்க வந்தபோது, இவரே வாய் விட்டுக் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நானும் ஒரு தட்டு எடுக்கட்டுமா?"

அவர் பதறிவிட்டார். "ஐயையோ மேடம், நீங்க தட்டுத் தூக்கறதா? பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க? நீங்க மேடைல உக்காரணும். மாப்ள வூட்டுக்காரங்க எதுர்ல உங்களுக்குப் பொன்னாடை போத்தணும். நாலு ஸ்டெப்பு ஆடிக் காட்டுனீங்கன்னா இன்னும் சந்தோஷம்."

மேடைக்கென்று தனியாக ஓர் அரக்குப் பட்டு கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரால் முடிந்த பெரிய மரியாதை அது. இவர் அந்தப் பட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு மண்டப வாசலில் பிளெக்ஸ் கட்டினார்கள். பெண் மாப்பிள்ளையைவிடப் பெரிய படம். 'உலகப் புகழ் நாட்டியத் தாரகையே வருக வருக.' படத்தில் வெள்ளை உடுப்பில், தலையில் வெள்ளைப் பூவோடு ஒரு பெண், கையைத் தூக்கி நிற்கிறாள். அழகாக இருந்தாள். யார் என்றுதான் தெரியவில்லை.

விசாரித்ததில் விஷயம் இதுதான். இவரிடம் இருந்த ஒரே ஆட்டப் படம், வரிசையாகப் பெண்கள் நிற்கிற படம். அதைத்தான் மாமன் மகனுக்கு அனுப்பியிருக்கிறார். பிளெக்ஸ் கடைக்காரர், எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, யாராக இருந்தால் என்ன என்று, பளிச்சென்று விழுந்திருந்த ஒருத்தியை வெட்டி எடுத்துவிட்டார். மாமன் மகனுக்குப் பவுடரில் வித்தியாசம் தெரியவில்லை. பிளெக்ஸைப் பார்க்க இவரைக் கூட்டி வந்தேன். சாலையைத் தாண்டி நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மரீ" என்றார்.

"இடது பக்கமா?"

"ஆமா. மொகம் இப்பத்தான் நல்லாப் பாக்கறேன்." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "நல்லா இருக்கா."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கடைக்காரரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"வேணாம் அக்கா. எல்லாரும் மரீயத் தேடட்டும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மறுநாளே கள்ளக்குறிச்சிக்குப் போனேன். தட்டு எடுக்கிற பெண்களுக்கு வாங்கிய மயில்கழுத்துப் பச்சைப் புடவை எந்தக் கடையில் என்று எனக்குத் தெரியும், மேடை அலங்காரத்துக்கு நிறம் பார்க்க என்னிடம்தான் காட்டியிருந்தார்கள். அதே புடவை ஒன்று எடுத்தேன். பிறகு ஒரு சிக்கல் வந்தது. தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். அவர் ஒரு தட்டு எடுத்தால் இரட்டைப்படை ஆகிவிடும், பெரியவர்கள் எண்ணினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நானும் ஒரு தட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அவர் கையில் கற்கண்டு, என் கையில் சாத்துக்குடி. என் புடவை நீலம். மண்டப மேனேஜரை யார் கேட்கப் போகிறார்கள்?

பிள்ளையார் கோவிலில் ஒரே தள்ளுமுள்ளு. பச்சைப் புடவைகளுக்கு நடுவில் இவரும் பச்சை. கொண்டையை அவிழ்த்துப் பின்னி, பூ வைத்துவிட்டிருந்தேன். மேளம் ஆரம்பித்தது. வரிசை நகர்ந்தது. அவர் நடந்தார், ஒரு கை இடம் விட்டு, தட்டு துளி ஆடாமல். நாலைந்து பேர் தள்ளிப் பின்னால் நான். எனக்குப் பக்கத்தில், தட்டு இல்லாமல், வரிசையை விரட்டிக்கொண்டு வந்தவர் மாப்பிள்ளை வீட்டாரே பயப்படுகிற ஒரு கிழவி. பெண்ணுடைய தாத்தாவின் தங்கை. அப்படியென்றால் இவருடைய அம்மாவுக்கும் தங்கை, இவருக்குச் சின்னம்மா. ஒரு கண்ணில் புரை. அந்தக் கிராமத்துக்கு இவர் போன ஒரு தடவைகூட அந்த அம்மா வெளியே வந்து பார்க்கவில்லை.

"ஏ பச்சப் பொடவ!" என்று கத்தினார்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இவர் மட்டும் திரும்பவில்லை.

"திரும்பாதவ! உன்னத்தான்டி! இன்னா இம்மாம் எடம் வுட்டுக்கினு போற? நடுவுல நாயி பூந்து போவுது பாரு!"

உண்மையாகவே ஒரு நாய் அந்த இடைவெளி வழியாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது.

"வரிசைல போவத் தெரியாதா உனுக்கு? கிட்டப் போடி!"

நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அடி தடுமாறியது. பிறகு கிட்டப் போனார். தட்டு முன்னால் போகிறவளின் முதுகில் படுகிற அளவுக்குக் கிட்ட. அவள் திரும்பி, "இடிக்காத அண்ணி" என்று யாரென்றே பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தாள்.

மண்டபத்துக்குள் போனதும் மைக்கில் மாமன் மகன் குரல். "பிரான்சுலருந்து வந்திருக்கும் மேடம் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்." காணாமல் போன பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்குப் போய்ப் பிளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்து, கூட்டத்தில் அந்த முகத்தைத் தேடினார்கள். போட்டோக்காரர் மாடி வரைக்கும் போய்ப் பார்த்தார். அந்த நேரத்தில் இவர் சாமான் அறையில், மற்ற பெண்களோடு தட்டுகளைத் தரையில் இறக்கிக்கொண்டிருந்தார்.

கிழவி ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். "ஏ பொண்ணு, நாக்கு வறண்டு போச்சி. உள்ள போயி ஒரு செம்பு தண்ணி மொண்டா. நீயும் குடிச்சிட்டு வா."

இவர் போனார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அண்டாவில் செம்பை விட்டு மொண்டு, முதலில் தானே குடித்தார். கழுத்து வழியாகப் புடவையெல்லாம் நனைந்தது. மறுபடி மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தார்.

கிழவி குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தை உற்றுப் பார்த்தார். "யாரு வூட்டுப் பொண்ணு நீ?"

"உங்க அக்கா வூட்டுப் பொண்ணு."

அந்த அறையில் பேச்சு நின்றுவிட்டது. மைக் மட்டும் மேடத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கிழவி நல்ல கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தபடி இருந்தார். வாய் எதையோ மென்றது. இவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான் பயந்துவிட்டேன். போ என்று சொல்லிவிட்டால் இவர் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்க?" என்றார் கிழவி. "அந்த வெத்தலைய எடுத்து அடுக்கு. காம்பு கிள்ளிட்டு அடுக்குடி."

இவர் கீழே உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். நான் வராண்டாவுக்குப் போய், யாரும் பார்க்காத இடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன்.

பொன்னாடையை வீணாக்கக் கூடாது என்று கடைசியில் பந்தல்காரருக்குப் போர்த்தினார்கள். மாமன் மகனுக்கு வருத்தம்தான். கடைசி வரைக்கும் அவர் மேடம் என்றுதான் கூப்பிட்டார். அதை இனி மாற்ற முடியாது. கல்யாண வீடியோ வந்ததும் தட்டு வரிசையை நானும் அவரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். மேலேயிருந்து எடுத்திருந்தார்கள். ஒரே பச்சை. நடுவில் ஒரு நீலம், அது நான். அவரைக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

"பாத்தீங்களா அக்கா" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் மணமேடையில்கூட அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் என்று பிரான்சுக்குப் போனார். மரீக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிளெக்ஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். விமானத்தில் அதை எப்படி ஏற்றினார்கள் என்று தெரியவில்லை. கம்பி இப்போதும் இருக்கிறது. கைகழுவ வருகிறவர்கள் அதில் ஈரத் துண்டு போடுகிறார்கள்.

போவதற்கு முந்தின வாரம் பேங்கில் அவரைப் பார்த்தேன். நல்ல கூட்டம். எங்கே நிற்கிறார் என்று வாசல்படியில் தேடினேன், இல்லை. உள்ளே பார்த்தால் கவுண்டருக்கு மூன்றாவது ஆள். முன்னால் நின்ற அம்மாவின் முந்தானை இவர் மேல் கிடக்கிறது. மூக்கு அந்த அம்மாவின் பூவில். ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் பக்கவாட்டில் வந்து, தோளை நுழைத்துப் பார்த்தார். இடமே இல்லை.

இவர் திரும்பிப் பார்த்தார்.

"யோவ்" என்றார். "வரிசை இருக்குதுல்ல? பின்னால போய்யா."